கல்லூரி தந்த மின்னஞ்சலை யார் திறக்கலாம்?

கல்லூரியில் சேர்ந்த மாணவருக்குக் கல்லூரிப் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி தருவது இப்போது பரவலான வழக்கம். அது கூகுள் வழியாகத் தரப்பட்ட கணக்கு என்றால், முதல் தடவை உள்ளே போகும்போது திரையில் ஒரு நீண்ட அறிவிப்பு வரும். இந்தக் கணக்கு உங்கள் நிறுவன நிர்வாகியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நீங்கள் எழுதுவதையும் உங்களுக்கு வருவதையும் அவரால் பார்க்க முடியும், கணக்கை நீக்கவும் முடியும் என்பதே அதன் சாரம். கீழே இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் கணக்கு திறக்கும். வகுப்பு அறிவிப்பும் தேர்வுத் தகவலும் அந்த முகவரிக்கே வரும்போது அழுத்தாமல் இருக்க மாணவரால் முடியாது. நிர்வாகியின் கைக்கு எவ்வளவு அதிகாரம் போகிறது என்பதைக் கூகுள் சொல்லிவிட்டது. அந்த அதிகாரத்தை எப்போது, யார் அனுமதித்தால் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதை மாணவரிடம் சொல்ல வேண்டுமா என்பதைக் கல்லூரிதான் சொல்ல வேண்டும். எழுத்தில் சொல்லாத வரை அது ஒரு தனி மனிதரின் விருப்பம் மட்டுமே.

அந்த அதிகாரம் சிறியதல்ல. நிர்வாகி எந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றலாம். 'வால்ட்' என்ற தேடல் கருவியில் ஒரு பெயரையோ சொல்லையோ கொடுத்து, கல்லூரியின் அத்தனை பெட்டிகளிலும் அது எங்கெல்லாம் வருகிறது என்று ஒரே தேடலில் எடுக்கலாம். தக்கவைப்பு விதி போட்டிருந்தால் மாணவர் அழித்துவிட்ட கடிதமும் அதில் கிடைக்கும். பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு இதைப் பற்றி எந்தத் தகவலும் போகாது. தேடியதன் தடயம் ஒரு பதிவேட்டில் விழும், ஆனால் அந்தப் பதிவேட்டைப் பார்க்கக்கூடியவர்களும் நிர்வாகிகளே. சிறிய கல்லூரிகளில் இந்தச் சாவி கணினி அறிவியல் துறையின் ஓர் ஆசிரியரிடமோ, லேப் பொறுப்பாளரிடமோ, வெளியே இருந்து வந்து கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரரிடமோ இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். துறைத் தலைவரோ தாளாளரோ கூப்பிட்டு, இந்தப் பெண்ணின் மெயிலைக் கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னால், மறுப்பதற்கு அவர் கையில் ஒரு தாள் வேண்டும்.

திருவண்ணாமலை போன்ற ஊரில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து படிப்பவர்களில் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஏராளம். பலருக்குக் கல்லூரி தரும் முகவரிதான் பொறுப்போடு பயன்படுத்தும் முதல் முகவரி. அதற்கு முன் இருந்ததும் பிரவுசிங் சென்டரில் வேறொருவர் உருவாக்கி, பாஸ்வேர்டை விண்ணப்பக் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். மருத்துவருக்கு எழுதுவதும், சாதிச் சான்றிதழை அனுப்புவதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும், ஆசிரியர் ஒருவர் மீது புகார் எழுதுவதும் அதே பெட்டியிலிருந்துதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, அதன் 16ஆம் பிரிவில், புகாரின் உள்ளடக்கத்தையும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. அந்தச் சட்டப்படி கல்லூரியில் அமையும் உள்ளகக் குழுவுக்குப் போகும் புகார், புகாருக்கு உள்ளானவரின் கீழ் வேலை செய்யும் நிர்வாகி திறக்கக்கூடிய பெட்டியில் இருக்குமானால் அந்தப் பிரிவுக்கு என்ன பொருள்? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அது மின்னஞ்சல் வழக்கு அல்ல. ஆனால் ஓர் ஆவணத்தைப் பார்க்கக்கூடிய கைகள் பெருகினால் அடி யார் மீது விழுகிறது என்பதை நம் மாநிலமே கண்ட வழக்கு.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் அடிப்படை வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும். அரசுக் கல்லூரிக்கு இது நேரடியாகவே பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஆம் பிரிவின்படியும் 2009ஆம் ஆண்டு விதிகளின்படியும் ஒருவரின் இணையத் தொடர்பை அரசு இடைமறிக்க வேண்டுமானால், மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் நிலையில் இருப்பவர் காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவின் நகல் ஏழு வேலை நாட்களுக்குள் மறு ஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதைத்தான் தவறு என்கிறது. கல்லூரி முகவரியில் அந்தப் பொறுப்பாளர் கல்லூரியே. ஆகவே மாநில அரசுக்கு இருக்கும் கடிவாளம் ஒரு கல்லூரி முதல்வருக்கு இல்லை. இது சட்டத்தின் ஓட்டை என்றே நான் கருதுகிறேன்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதங்களில், அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வர வேண்டும். வேலை தொடர்பான தேவைகளுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள 7ஆம் பிரிவு முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. பேராசிரியருக்கு எதிராகக் கல்லூரி இதைக் காட்டலாம். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். அவரிடம் பெறும் சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவோடு நிற்பதாக இருக்க வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. வகுப்பு அறிவிப்பு அனுப்புவதற்காக ஒரு முகவரியைத் தந்துவிட்டு, அந்தச் சம்மதத்தைக் கடிதம் படிக்கும் உரிமையாக நீட்ட முடியாது. இன்னொரு விதி நமக்கு நெருக்கமானது: அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழியில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழ் அதில் உண்டு.

எதிர்வாதங்களில் முதலாவது, கணக்கு கல்லூரியின் சொத்து என்பது. சொத்து கல்லூரியுடையது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் வேறு, நிறுவனத்தில் இருக்கும் ஒருவருக்கு எழுதும் கடிதம் வேறு. இதற்குத் திருவண்ணாமலையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ரமணாசிரமத்துக்கு வந்த தபாலை அலுவலகம் ரமணரிடம் கொண்டுவரும். அலுவலகம் எழுதிய பதில்களை அவர் பார்த்த பிறகே அனுப்புவார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, ஆசிரமத்துக்கு எழுதியவர் ஆசிரமத்துக்கே எழுதினார். கல்லூரியிலும் முதல்வர், தேர்வுப் பிரிவு, அலுவலகம் என்று பதவியின் பெயரில் இருக்கும் முகவரிகளை அப்படி வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ வேலை நிற்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, தகவல் என்பதில் மின்னஞ்சலையும் சேர்த்திருப்பதால், அலுவல் கடிதங்களைத் தேடி எடுப்பதும் எளிதாகும். தனி மனிதரின் பெயரில் உள்ள பெட்டியைத் தொட வேண்டிய தேவையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த வேறுபாட்டை மதிக்காததற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் விலை கொடுத்தது. 2012இல் ஒரு தேர்வில் சுமார் 125 மாணவர்கள் முறைகேடு செய்ததாகச் சந்தேகம் எழுந்தது. அது பற்றிய உள் கடிதம் ஒன்று பத்திரிகைக்குப் போய்விட, 16 விடுதி டீன்களின் மின்னஞ்சல்களை நிர்வாகம் அவர்களுக்குத் தெரியாமல் தேடியது. 2013 மார்ச்சில் பாஸ்டன் குளோப் இதை வெளியிட்டது. அலுவல் கணக்குகளின் தலைப்பு வரிகளைத்தான் பார்த்தோம் என்று முதலில் சொன்னார்கள். அடுத்த மாதமே, ஒருவரின் சொந்தக் கணக்கும் தேடப்பட்டதை டீன் எவலின் ஹேமண்ட்ஸ் ஒப்புக்கொண்டார், அந்த ஆண்டே பதவியிலிருந்து விலகினார். ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே அப்போதே இருந்தது. அது பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டுச் சிதறிக் கிடந்ததுதான் குறை. 2014இல் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே கொள்கை வந்தது: தகுந்த காரணம், பொறுப்புள்ள ஒருவரின் அனுமதி, சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு, பதிவேடு, அதைப் பார்வையிட ஒரு குழு.

பாதுகாப்பு என்ற வாதம் இதைவிட வலுவானது. ராகிங், மிரட்டல், தற்கொலை எண்ணம் என்று வரும்போது கல்லூரி கைகட்டி நிற்க முடியுமா? முடியாது, நிற்கவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே திறக்கலாம், காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம் என்று விதியிலேயே இடம் வைக்கலாம். அந்த அவசரத்தைச் சாக்காக்கி எல்லாப் பெட்டிகளையும் எப்போதும் திறந்து வைப்பதுதான் தவறு. கேரளத்தில் விடுதி மாணவிகளின் செல்போனைக் கட்டுப்படுத்தியதற்கும் ஒழுக்கமும் படிப்பும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. ஃபஹீமா ஷிரின் வழக்கில் 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்றது. சொந்த ஜிமெயிலை வைத்துக்கொள்ளுங்களேன் என்பாரும் உண்டு. ரகசியம் வேண்டுவோருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் கல்லூரி தன் அலுவல் அனைத்துக்கும் தன் முகவரியையே கட்டாயமாக்கிவிட்டு, அதில் எழுதாதே என்று சொல்வது பொருந்தாது.

எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக இதில் முடிவெடுக்கும் இடம் திருவண்ணாமலையில் இல்லை. கலைக் கல்லூரிகள் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், இரண்டும் கிண்டியில். இந்த மூன்றின் ஆட்சிக் குழுக்களும் இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பக்க விதியை வகுக்கலாம். என்ன காரணத்துக்காகத் திறக்கலாம், முதல்வரோடு சேர்ந்து கையெழுத்திடும் இரண்டாமவர் யார், எத்தனை நாளுக்குள் மாணவருக்குச் சொல்ல வேண்டும், உள்ளகக் குழுவுக்கு எழுதும் கடிதங்களை எவரும் தொடக் கூடாது என்பன அதில் தமிழிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்கக் கல்லூரிக்குப் போகும் பெற்றோர் கட்டணத்தையும் பஸ் வசதியையும் விசாரிக்கும்போது இந்த ஒரு பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். 2027 மே வரை காத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கல்லூரிகளைத் தடுக்கவில்லை.