உங்களுக்குப் பொருந்தும் கலர் எது?

பொங்கலுக்குத் துணி எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. செங்கல்பட்டு பஜாரில் எந்தக் கடையில் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும்: "பாப்பா கொஞ்சம் கருப்பு, லைட் கலரா காட்டுங்க." எங்க அத்தையும் என்னை வைத்துக்கொண்டு இதையேதான் சொல்வாங்க. இதில் அறிவியல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போமா?

தோலுக்கு நிறம் தருவது முக்கியமாக மெலனின். அது கூடினால் கருப்பு, குறைந்தால் சிவப்பு. (வெளுப்பாக இருப்பதைத்தான் நாம் 'சிவப்பு' என்கிறோம், வேடிக்கைதான்!) அதோடு தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பும், கேரட்டிலும் மாம்பழத்திலும் உள்ள கரோட்டினின் மஞ்சளும் கொஞ்சம் சேரும். இந்தக் கலவை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரே அளவு கருப்பாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குத் தேன் மாதிரி மஞ்சள் சாயல், இன்னொருவருக்கு நாவல்பழம் மாதிரி நீலச் சாயல். அழகுக்கலைக்காரர்கள் இதை 'அண்டர்டோன்' என்கிறார்கள். நாம் அடிச்சாயல் என்போம். கொக்கிலமேடு, தேவனேரி பக்கமிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் கவனிக்க: வெயிலில் நிறம் கறுக்கும், அடிச்சாயல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கலர் பொருந்துவதும் பொருந்தாததும் இந்தச் சாயலோடுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல், நீலமாகத் தெரிந்தால் நீலச் சாயல் என்பார்கள். நம்மில் பாதிப் பேருக்கு நரம்பே தெரியாது! எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணி டெஸ்ட்தான் நல்லது. பவுடர் போடாமல் முகம் கழுவிவிட்டு, காலை பத்து மணி வாக்கில் திண்ணையில் உட்காருங்கள். தூய வெள்ளைத் துணியையும் சந்தன கலர் துணியையும் மாற்றி மாற்றித் தாடைக்குக் கீழே வையுங்கள். துணியைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க. எதை வைத்தால் கண்ணுக்குக் கீழே உள்ள கருமை குறைந்து முகம் தெளிகிறதோ அதுதான் உங்கள் பக்கம். சந்தனம் என்றால் மாம்பழ மஞ்சள், செங்கல் கலர், வெந்தய கலர், இலைப்பச்சை எடுக்கலாம். வெள்ளை என்றால் ராணி கலர், கத்தரிப்பூ, நீல வகைகள். மயில்கழுத்தும் அரக்கும் அனேகமாக எல்லோருக்கும் ஒத்துவரும். இரண்டு துணியும் ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் நடுவில், யோகக்காரர்.

ஏன் இப்படி? துணியில் பட்ட வெளிச்சம் கொஞ்சம் முகத்தில் தெறிக்கிறது. இன்னொரு காரணத்தை எழுதியவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபலின் என்ற நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தவர். கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதே என்று அங்கே புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் வைத்த நூலின் நிறம்தான் அப்படிக் காட்டியது! 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். நம் காஞ்சிபுரத்துப் பட்டைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், பார்டர் எதிர் நிறம், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். கருப்புத் தோலுக்குப் பக்கத்தில் மிளகாய்ப்பழச் சிவப்பும் அப்படித்தான் எடுப்பாக இருக்கும். லைட் கலர்தான் எடுக்கணும் என்பதற்கு ஆதாரமே கிடையாது, அத்தை!

வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. நம்ம கடற்கரைக் கோயிலை விடிந்ததும் பாருங்கள், தேன் நிறம். உச்சி வெயிலில் பார்த்தால் சாம்பல். கல் அதேதான். டியூப் லைட்டில் அழகாக இருந்த தாவணி வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி இருப்பது இதனால்தான். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிற அம்மாக்கள் விவரமானவர்கள்.

மேக்கப்பிலும் இதே கதைதான். ஆண்டு விழாவில் எல்லா முகத்துக்கும் ஒரே ரோஸ் பவுடர் அப்பினால் கருப்பு முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். பவுண்டேஷனைக் கையில் தடவிப் பார்க்காமல் தாடை ஓரத்தில் தடவுங்கள். தோலோடு மறைந்து போகிற ஷேடுதான் சரி. மஞ்சள் சாயல்காரர்களுக்குச் செங்கல் கலர் லிப்ஸ்டிக், நீலச் சாயல்காரர்களுக்கு நாவல்பழ கலர்.

நிறத்தையே மாற்றுகிறேன் என்று வரும் க்ரீமில் மட்டும் ஜாக்கிரதை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து குளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. 2023இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவர்கள் பூசிய சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் அதிகமாக இருந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். தயாரித்தவர் பெயரோ என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரமோ இல்லாத டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அக்கா கொடுத்தாலும்தான்.

வெள்ளைத் துணி ஒன்றும் சந்தன கலர் துணி ஒன்றும் பையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், டெஸ்ட் செய்து பார்ப்போம். பையன்களும் வரலாம், சட்டைக்கும் இதே கணக்குதான்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி