பாட்டியின் தமிழும் ருவாண்டாவின் குரலும்

 

சில மாதங்களுக்கு முன், வானொலி நிகழ்ச்சி ஒன்றின் பதிவை எழுத்தாக்க வேண்டியிருந்தது. பேச்சைக் கேட்டுத் தானாகவே தட்டச்சு செய்யும் மென்பொருளிடம் கொடுத்தேன். பேசியவர் எழுபது வயதைக் கடந்த பாட்டி. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “என்னம்மா, பசியாறிட்டியா?” என்று என்னை விசாரித்துவிட்டுத்தான் தன் கதையையே தொடங்கினார். திரையில் வந்தது: “பசி 6”. அவருடைய பால்மரம், “பால் மாறும்” என்று ஆகியிருந்தது.

அலுவலகத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பாட்டி பேசியது தமிழ்தானே? அவருடைய தமிழை அந்த மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு வங்கியிலும் மருத்துவமனையிலும் எல்லாம் குரலால் இயங்கத் தொடங்கினால் பாட்டி என்ன செய்வார்?

இந்தச் சிக்கலுக்கு யார் வழி கண்டார்கள் என்று தேடினேன். தேடல் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் ஆப்பிரிக்கா. 2,000 மொழிகளுக்கு மேல் பேசப்படும் கண்டம் அது. இயந்திரங்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை தெரியாது. மொழியைத் தேடிப் போன நான் அங்கே முதலில் பார்த்தது என்னவோ ஒரு மிட்டாய் ரோபோவை!

*மிட்டாயில் ஒரு ரோபோ*

கானாவின் அஷேசி பல்கலைக்கழக ஆசிரியை அயோர்கோர் கோர்சாவும், கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் கோல்ட்பெர்க்கும் 2012இல் ஆப்பிரிக்க ரோபோட்டிக்ஸ் வலையமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளிகளுக்கான ரோபோக்களின் விலை அங்குள்ள பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள்: ‘சுமார் 10 அமெரிக்க டாலரில் ஒரு ரோபோ செய்யுங்கள்!’

பரிசு வென்றவற்றில் ஒன்று நம் பக்கத்து நாடான தாய்லாந்திலிருந்து போனது. வீடியோ விளையாட்டுக் கைப்பிடி ஒன்றைப் பிரித்துச் செய்தது. அதிர்வு தரும் இரண்டு மோட்டார்கள் சக்கரங்களை ஓட்டின. கட்டைவிரலால் அசைக்கும் இரு குச்சிகளிலும் ஆளுக்கொரு குச்சி மிட்டாய். ரோபோ எதன்மீதாவது மோதினால் மிட்டாய் ஆடும், குச்சி சாயும், கணினிக்குச் செய்தி போய்விடும். மொத்தச் செலவு 8.96 டாலர்.

எனக்குப் பிடித்தது அதன் மலிவு மட்டுமல்ல. கடையில் வாங்கிய ரோபோவைப் பிள்ளை இயக்கும். இதையோ பிரிக்கும், கெடுக்கும், மறுபடி பூட்டும். அறிவு வளர்வது அங்கேதான்.

*மரவள்ளி இலையைப் படிக்கும் கைப்பேசி*

உகாண்டாவில் பல குடும்பங்களின் சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. இலையில் தேமல் போலப் படரும் நோயும், கிழங்கையே அழுகவைக்கும் நோயும் வந்தால் அந்த வருடச் சாப்பாடு போயிற்று. நிபுணர் ஒவ்வொரு தோட்டமாக வந்து பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

தலைநகர் கம்பாலாவிலுள்ள மக்கரேரே பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் இதைக் கையில் எடுத்தது. பெரும்பாலான படங்களை விவசாயிகளே தங்கள் தோட்டத்தில் எடுத்தார்கள். எந்த இலைக்கு எந்த நோய் என்று அந்நாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலைய வல்லுநர்கள் குறித்துக் கொடுத்தார்கள். இப்படிச் சேர்ந்த 21,367 படங்கள் 2020இல் உலகளாவிய போட்டி ஒன்றுக்காகப் பொதுவில் வைக்கப்பட்டன. எங்கெங்கோ இருக்கும் கணினி வல்லுநர்களெல்லாம் உகாண்டா விவசாயியின் இலையைப் பார்த்துத் தங்கள் நிரலுக்குப் பாடம் நடத்தினார்கள்.

*கூடிச் செய்வோம்*

2017இல் ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 300 பேர் ஒரு வாரம் கூடி இயந்திரக் கற்றல் படித்தார்கள். கூட்டத்தின் பெயர் ‘டீப் லேர்னிங் இந்தாபா’. இந்தாபா என்றால் சூலு மொழியில் ஊர்க்கூட்டம். அதன்பின் நைரோபி, துனிஸ், அக்ரா, டக்கார், கிகாலி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

2019இல் தொடங்கிய ‘மசாக்கானே’ இயக்கத்தின் பெயரும் சூலுதான். பொருள், ‘கூடிக் கட்டுவோம்’. முறையாகக் கணினி படிக்காதவர்களும் அதில் சேர்ந்து, 30க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு முயற்சிகளைச் செய்து காட்டினார்கள்.

பாதை பூப்பாதை இல்லை. 2018இல் மாண்ட்ரியலில் நடந்த பெரிய மாநாட்டுக்குப் போக ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்கு விசா கிடைக்கவில்லை. ‘அவர்கள் வர முடியாவிட்டால் மாநாடு அங்கே போகட்டும்’ என்ற குரல் வலுத்தது. ஐ.சி.எல்.ஆர். மாநாடு 2020இல் அடிஸ் அபாபாவில் நடப்பதாக இருந்தது. கோவிட் அதை இணையத்துக்குத் தள்ளியது. கடைசியில் 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. அதே மாநாடுதான் 2025இல் சிங்கப்பூருக்கு வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்குக் கென்யத் தொழிலாளர்கள், செயற்கை நுண்ணறிவுக்காக அருவருப்பான எழுத்துகளைப் படித்துத் தரம் பிரித்ததை 2023இல் டைம் இதழ் வெளிக்கொண்டுவந்தது. உழைப்பு அவர்களுடையது, பொருள் இன்னொருவருடையது. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இது புதுக்கதையா என்ன? அதனால்தான் இந்தாபாவும் மசாக்கானேயும் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. கூலிக்கு மட்டும் நின்றவர்கள் சொந்தக்காரர்களாக எழுந்து நிற்கிறார்கள்.

*சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்*

இப்போது பாட்டியின் கதைக்கு வருகிறேன். ருவாண்டாவில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஊரே சேர்ந்து சாலையைக் கூட்டும், கால்வாய் வெட்டும். நம் ஊர்க் கோத்தோங் ரோயோங்கேதான். பெயர் ‘உமுகாண்டா’. அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு ‘டிஜிட்டல் உமுகாண்டா’ என்ற அமைப்பு மக்களிடம் குரல் கேட்டது. பொதுமக்கள் குரல் கொடுக்கும் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்தில் தங்கள் கின்யருவாண்டா மொழி வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தார்கள். சேர்ந்தது 2,000 மணி நேரத்துக்கும் மேல்!

ருவாண்டாவின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 40 லட்சம். உலகில் தமிழ் பேசுவோர் 7 கோடிக்கும் மேல். அதே திட்டத்தில் தமிழும் இருக்கிறது. ஆனால் நாம் கொடுத்திருக்கும் நேரம் அவர்கள் கொடுத்ததைவிட மிகக் குறைவு. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் மணிக்கணக்கில் தமிழ் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான்!

அன்றிரவே கைப்பேசியில் வாசிக்கத் தொடங்கினேன். ஒரு வாக்கியத்துக்குச் சில நொடிகள்தான். மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுச் சரியா தவறா என்றும் சொல்லலாம். திரையில் வந்த வாக்கியங்களில் பசியாறலும் இல்லை, பால்மரமும் இல்லை. ஆனால் புதிய வாக்கியங்களை நாமே சேர்க்கலாம் என்று தெரிந்தது.

இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டி, தாத்தா பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு பத்து வாக்கியம் போதும்.

நான் சேர்த்த முதல் வாக்கியம் இது: “பாட்டி, பசியாறிட்டீங்களா?”