மேடை யார் தருவார்?

புதிதாகப் பாட வருகிறவரிடம் ஸபாக்காரர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இதற்கு முன் எங்கே பாடினீர்கள்?" என்பதுதான். நீந்தக் கற்ற பிறகே குளத்தில் இறங்கலாம் என்பது போன்ற நியாயம் இது! கர்நாடக சங்கீத மாணவிக்கும், கானா பாடுகிறவருக்கும், இசைத்தட்டுகளை இணைத்து ஒலிக்கும் டி.ஜே. இளைஞருக்கும் இந்தச் சங்கடம் ஒன்றே.

அடையாறு இதற்கு இருமுறை விடை சொல்லியிருக்கிறது. சதிரென்றால் பலர் முகஞ்சுளித்த காலத்தில், 1935 டிசம்பரில், ஸ்ரீமதி ருக்மிணி தேவி இங்குள்ள பிரம்மஞான சபையில் ஆடினார். மறு வருஷமே கலாக்ஷேத்திரம் பிறந்தது. ஆனால் அக்கலையைத் தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெண்கள் பலருக்கு மேடைகள் குறைந்துகொண்டே போயின. செல்வாக்குள்ளவருக்கே மேடை எளிதில் கிட்டும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

எண்பது வருஷங்களுக்குப் பின், 2015-இல், சற்றுத் தொலைவிலுள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு கலைவிழா தொடங்கிற்று. வித்துவான் டி. எம். கிருஷ்ணா முதலியோர் மீனவ மக்களுடன் சேர்ந்து நடத்தினர். கர்நாடக சங்கீதத்துக்கும் பறையாட்டத்துக்கும் அங்கே விழா ஒன்றே, டிக்கெட்டும் இல்லை.

அழைப்புக்குக் காத்திராமல் நாலு பேர் கூடித் தாங்களே மேடை போடுவதுதான் இளைஞருக்கு வழி. நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் வீட்டுக் கலியாணத்தில் ஒரு மணி நேரத்தைப் புதியவருக்கு ஒதுக்குவோம். "சந்தர்ப்பம் கொடுத்தோமே" என்று சொல்லி வெறுங்கையுடன் அனுப்ப வேண்டாம். தேங்காய் பழத்தோடு சன்மானமும் தட்டில் இருக்கட்டும்!