வத்தேகமயில் ஒரு நேர ரொட்டி

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதத்தில் ஏறி வத்தேகமயில் இறங்கினேன். தோட்டச் சம்பளம் பற்றி எழுதுவதற்காகப் போன பயணம். நான் வன்னி என்று தெரிந்ததும், பேசிக்கொண்டிருந்த அம்மா என்னை எழும்ப விடவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. ரொட்டிதான், வெக்கப்படாதீங்க."

லயத்தில் ஒரே அறை. கனத்த கோதுமை மா ரொட்டி, உறைக்க உறைக்கச் சம்பல், தேத்தண்ணி.

மலையகத்தார் ஏன் எப்போதும் ரொட்டி சாப்பிடுகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள், கொஞ்சம் இளப்பமாகவும்தான். தமிழகத்திலிருந்து வந்தவர்களின் சாப்பாடு சோறு. தோட்ட நிர்வாகங்கள் அரிசியையும் பின்னர் கோதுமை மாவையும் கொடுத்து, சம்பளத்தில் கழித்தன. விடியுமுன் சுட்டுக் கட்டிக்கொண்டு மலைக்குப் போக ரொட்டிதான் தோது, பசியும் தாங்கும். 1970களின் நடுப்பகுதியில் அதுவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன.

பிறகு 1977, 1983 வன்செயல்கள். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தார்கள். அங்கேயும் யுத்தம் அவர்களை விடவில்லை.

2009இல் மெனிக் பாம் முகாமில் நிவாரண மாவில் அம்மா சுட்ட ரொட்டியை நான் முகம் சுளித்துத்தான் தின்றேன். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க அக்கா 77ல கிளிநொச்சிப் பக்கம் போனவங்க. கடைசிச் சண்டைக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்ல."

இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அக்காவின் பெயரையும் அத்தானின் பெயரையும் என் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.