ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்

இருபது கடைகளுக்குச் சரக்கு போட வேண்டும். வண்டி ஒன்றுதான். எந்தக் கடைக்கு முதலில் போவது, எதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது? குடோனில் பில் போடுகிறவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வரிசை எழுதிக் கொடுத்துவிடுவார். கணித நிபுணர்களைக் கேட்டால், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது என்பார்கள். இரண்டுமே உண்மை.

ஐந்து கடை என்றால் 120 விதமாகச் சுற்றி வரலாம். பத்துக் கடைக்கு அது 36,28,800 ஆகிவிடும். பதினைந்து கடைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டும். போன வழியைத் திருப்பிப் போட்டால் அதே தூரம்தானே, பாதியைக் கழித்துவிடலாமே என்று தோன்றும். ஒருவழிப் பாதைகள் உள்ள நகரத்தில் அதற்கும் வழியில்லை. ஆக, கடைகள் கூடக்கூட, எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்து நல்லதைப் பொறுக்குவது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம்.

இந்தக் கணக்கைப் பல வண்டிகளுக்கு விரித்து முதலில் முறையாக எழுதி வைத்தவர்கள் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஆண்டு 1959. ஒரு சேமிப்பு நிலையத்திலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்கு டேங்கர் லாரிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. செய்து காட்டிய உதாரணத்தில் பன்னிரண்டு இடங்கள்தான் இருந்தன.

1964இல் மான்செஸ்டரைச் சேர்ந்த கிளார்க், ரைட் இருவரும் இன்னும் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். குடோனிலிருந்து முதல் கடை 8 கிலோமீட்டர், இரண்டாவது கடை 9 கிலோமீட்டர், இரண்டு கடைக்கும் நடுவில் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் போய்வந்தால் 16ம் 18ம் சேர்ந்து 34. ஒரே டிரிப்பில் இரண்டையும் முடித்தால் 8, 3, 9 சேர்ந்து 20. மிச்சம் 14. இப்படி எல்லா ஜோடிக் கடைகளுக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதிக மிச்சம் தரும் ஜோடியை முதலில் சேர்க்க வேண்டும். அடுத்ததை அதன் பின்னால் கோக்க வேண்டும். வண்டி நிரம்பியதும் அந்த டிரிப் முடிந்தது. மிகச் சிறந்த விடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் மோசமில்லாத விடை சட்டென்று கிடைத்துவிடும். அதனால் பாடப்புத்தகங்களில் இன்றும் இதற்கு இடமுண்டு.

ஏற்றும் வரிசை, இறக்கும் வரிசை

காகிதத்தில் கடை என்பது ஒரு புள்ளி. வண்டியில் அது பெட்டியாகவும் மூட்டையாகவும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மினி லாரிக்குக் கதவு பின்னால்தான் என்பதால், கடைசிக் கடையின் சரக்கு முதலில் ஏற வேண்டும். வழியில் வரிசையை மாற்றினால் முன்னால் கிடப்பதை எடுப்பதற்குப் பாதி லோடை ரோட்டில் இறக்கி வைக்க நேரிடும்.

போகிற இடத்தில் சரக்கை எடுத்து வரவும் வேண்டும் என்றால் சிக்கல் கூடும். சமையல் எரிவாயு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. நிரம்பிய சிலிண்டர் இறங்கிய இடத்தில் காலி சிலிண்டர் ஏறிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் வண்டியில் இடம் போதாமல் போவதே கிடையாது. மூன்றாவது வீட்டில் பழைய ஃபிரிட்ஜைத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கும் வண்டியின் கதை வேறு. அதை ஏற்றிவிட்டால் நான்காவது வீட்டுக்கான வாஷிங் மெஷின் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அதனால் எடுக்க வேண்டியதையெல்லாம் டிரிப்பின் கடைசிக்குத் தள்ளுவது வழக்கம். தூரம் கொஞ்சம் கூடினாலும், கிளம்பும்போது நிறைந்து போன வண்டி திரும்பும்போது காலியாக வராது.

பெரிய நிறுவனங்கள் இத்தனையையும் கணினியிடம் விட்டுவிட்டன. அமெரிக்காவின் யுபிஎஸ் பார்சல் நிறுவனம் ஓரியன் என்ற மென்பொருளை 2013 முதல் பரவலாக்கி, அந்நாட்டில் சுமார் 55,000 ஓட்டுநர்களிடம் கொண்டு சேர்த்தது. ஆண்டுக்குச் சுமார் 16 கோடி கிலோமீட்டர் ஓட்டம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொல்கிறது. முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாதே என்பதும் அந்த நிறுவனத்தின் பேர்போன விதி. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. இடப்பக்கம் திரும்ப எதிர்வரிசை ஓயும்வரை காத்திருக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் காத்திருப்பு வலப்பக்கத் திருப்பத்தில்.

ஆனால் ஓட்டுநர்கள் கணினி சொல்வதை அப்படியே கேட்பதில்லை. ஏன் என்று பார்க்க அமேசானும் எம்ஐடியும் 2021இல் ஒரு போட்டி நடத்தின. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் உண்மையில் ஓட்டிய ஆயிரக்கணக்கான டிரிப்புகளைக் கொடுத்து, அவர்கள் போகும் வரிசையைக் கணிக்கச் சொன்னார்கள். வென்ற அணியில் இருந்த மூவரும், மிகக் குறுகிய சுற்றுப்பாதையைக் கண்டுபிடிப்பதில் பெயர்பெற்ற கணித வல்லுநர்கள். அவர்கள் வெறும் தூரத்தை மட்டும் நம்பவில்லை. ஒரு பேட்டையை முழுதாக முடித்துவிட்டுத்தான் ஓட்டுநர் அடுத்த பேட்டைக்குப் போகிறார் என்பதைத் தரவிலிருந்து எடுத்து, அந்தப் பழக்கத்தையே விதியாக்கிக் கணக்கில் சேர்த்தார்கள்.

நிற்கும் நேரம்

இதுவரை பேசியதெல்லாம் வண்டி ஓடும் நேரம். நகரத்தில் சரக்கு வண்டி பெரும்பாலும் நிற்கிறது. சென்னைப் பாரிமுனை பக்கத்தில் ஜவுளி மொத்தக் கடைகள் நெருங்கிக் கிடக்கும் கோடவுன் தெருவில் ஒரு பேல் இறங்குவதைப் பாருங்கள். கடை வாசலில் இடமில்லாமல் வண்டி தெருமுனையிலேயே நிற்கும். லோடுமேன் பேலை முதுகிலோ மீன்பாடி வண்டியிலோ கொண்டுபோவார். கடைக்காரர் சலானைப் பார்த்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பார். தையல் பிரிந்திருந்தால் தனியாக வைக்கச் சொல்வார். முத்திரை வைக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருப்பார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கக் கேட்க டிரைவர் வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வருவார்.

இதற்குக் கடைக்குக் கால் மணி நேரம் என்றாலும் இருபது கடைக்கு 5 மணி நேரம். நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு, கணினி அரும்பாடுபட்டு 10 கிலோமீட்டர் குறைத்துக் கொடுத்தால் மிச்சம் அரை மணி நேரம். ஒவ்வொரு கடையிலும் ஐந்து நிமிடம் குறைந்தால் மிச்சம் 100 நிமிடம். மிச்சத்தைத் தேட வேண்டியது வண்டி ஓடும் வழியில் அல்ல, வண்டி நிற்கும் இடத்தில்.

நியூயார்க்கில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ரென்சலேர் பாலிடெக்னிக் பேராசிரியர் ஹோசே ஹோல்கின்-வெராஸ் குழுவினர் 2009 இறுதியில் மன்ஹாட்டன் கடைகளை, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிக்குள் சரக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார்கள். வண்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நெரிசல் இல்லை, நிறுத்த இடம் உண்டு, அபராதச் சீட்டும் இல்லை. தடை வந்தது கடைகளின் பக்கத்திலிருந்து. ராத்திரியில் சரக்கு வாங்க ஆள் போட்டால் சம்பளம் யார் கொடுப்பது? ஆள் வைத்து வாங்கிய கடைகளில் பெரும்பாலானவை சோதனை முடிந்ததும் பகலுக்கே திரும்பிவிட்டன. சாவியை ஓட்டுநரிடம் கொடுத்து, உள்ளே வைத்துவிட்டுப் பூட்டிப் போகச் சொன்ன கடைகள் இரவிலேயே தொடர்ந்தன.

ஜப்பானில் ஃபுகுவோகா நகரின் தென்ஜின் கடைவீதியில் 1978 முதலே வேறொரு ஏற்பாடு. பல பார்சல் நிறுவனங்கள் தங்கள் சரக்கை ஓரிடத்தில் சேர்த்துவிட, பொதுவான வண்டிகள் கடைகளுக்குக் கொண்டுபோகின்றன. ஒரே கடை வாசலில் ஐந்து நிறுவனங்களின் வண்டி நிற்க வேண்டியதில்லை. சென்னையில் கொத்தவால் சாவடி நெரிசலிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்கு மாறிய காய்கறி மொத்த வியாபாரமும் ஒரு வகையில் இந்த வழிதான். வெளியூர் லாரிகள் ராத்திரியில் அங்கே வந்து இறக்குகின்றன. விடியற்காலையில் அந்தச் சரக்கு லோடு ஆட்டோக்களிலும் 'குட்டி யானை' மினி லாரிகளிலும் ஊருக்குள் பிரிந்து போகிறது.

வாங்குகிறவர் விட்டுக்கொடுப்பதில்தான் மிச்சம் என்று கணிதமும் சொல்கிறது. பத்திலிருந்து பதினொன்றுக்குள் வந்தால்தான் வாங்குவேன் என்று இருபது கடையும் அடம்பிடித்தால் எந்த மென்பொருளாலும் ஒரு வண்டியில் முடிக்க முடியாது; ஐந்து வண்டியாவது வேண்டும், ஒவ்வொன்றும் முக்கால்வாசிக்கு மேல் காலியாக ஓடும். அதே கடைகள் காலை முதல் மாலைவரை எப்போது வந்தாலும் சரி என்றால் ஒன்றே போதும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைவிட, சரக்கு வாங்குகிறவரின் ஒரு சொல்லுக்கு அதிக சக்தி உண்டு. செல்போனில் சாமான் வாங்கும் நாமும் அந்த வாங்குகிறவர் பட்டியலில் இருக்கிறோம். இன்றைக்கே வேண்டுமா, வெள்ளிக்கிழமை மற்றதோடு சேர்த்து வந்தால் போதுமா என்று அடுத்த முறை செல்போன் கேட்கும்போது, நாம் தொடும் பொத்தான்தான் தெருவில் எத்தனை வண்டி என்பதையும் முடிவு செய்கிறது.