ஆபரேஷன் முடிந்தது, ஆபத்து முடிந்ததா?

"வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். இவள் எழுந்து நடக்கலாமா? தையல் பிரிந்துவிடாதா?"

வல்லத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாமியார் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் குற்றம் இல்லை. மருமகள் மேல் வைத்திருந்த அன்புதான் அவரை அப்படிக் கேட்க வைத்தது. ஆனால் அந்த அன்பே மருமகளின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது!

அது எப்படி? கேளுங்கள்.

மூன்று பிள்ளை பெற்ற வயிறு

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிறது வல்லம். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. வீட்டுக்கு ஒரு கறவை மாடாவது இருக்கும். பெண்கள் விடியற்காலையில் எழுந்தால் இரவு படுக்கிற வரையில் குனிவதும் நிமிர்வதும் தூக்குவதும்தான் வேலை.

நமது கதைக்கு உரிய பெண்ணுக்கு வயது 36. "பெயரைப் போடாதீர்கள், ஐயா" என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு மூன்று குழந்தைகள். அதில் இரண்டு, ஆபரேஷன் செய்து எடுத்தவை. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு வயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தோல் மடிந்து தொங்கியது. மடிப்புக்குள் வேர்வை தங்கிப் புண் ஆனது. போதாக்குறைக்கு, பழைய தையல் இருந்த இடத்தில் குடல் பிதுங்கத் தொடங்கியது. குனிந்து களை எடுக்க முடியவில்லை. இருமினால் கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர்கள் இரண்டு குறைகளையும் ஒரே ஆபரேஷனில் சரி செய்தார்கள். பிதுங்கிய குடலை உள்ளே தள்ளினார்கள். விலகி நின்ற வயிற்றுத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். மிஞ்சி நின்ற தோலையும் அதன் அடியில் இருந்த கொழுப்பையும் வெட்டி எடுத்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "இந்த வயதில் அழகுக்கு ஆபரேஷன் கேட்கிறதா?" என்றார்கள். அந்தப் பெண் அழுதாள். புண்ணும் வலியும் பட்டவளுக்கல்லவா தெரியும்!

புதிய ஆபரேஷனா?

இல்லை. இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஹோவர்டு கெல்லி என்ற டாக்டர், தொங்கும் வயிற்றை இப்படி வெட்டிச் சீர் செய்ததை 1899-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். பிரேசில் நாட்டு டாக்டர் இவோ பிட்டாங்கி 1967-ல், தாம் செய்த 300 ஆபரேஷன்களைப் பற்றி எழுதினார். வெட்டுக் காயம் அடிவயிற்றில் தாழ்வாக, துணிக்குள் மறைந்திருக்கும்படி செய்கிற முறை அதற்குப் பின் பரவியது.

இது உடம்பு இளைக்கச் செய்கிற ஆபரேஷன் அல்ல. தொங்கும் தோலுக்கும், தளர்ந்த தசைக்கும் செய்வது. இனிமேல் பிள்ளை பெற எண்ணம் உள்ளவர்கள் பொறுத்திருந்து பிறகு செய்துகொள்வதே நல்லது.

நான்காம் நாள்

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்சு தெளிவாகத்தான் சொன்னார்: "தினமும் நாலைந்து தடவை எழுந்து நடக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்." சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு பையிலேயே தங்கிவிட்டது!

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் டாக்டர் ஆனார்கள். "காலைத் தரையில் வைக்கக் கூடாது" என்றார் ஒருவர். "தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும்" என்றார் இன்னொருவர். மாமியார் பயந்துபோனார். மருமகளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. தாகம் என்றால் அரை டம்ளர் தண்ணீர். இப்படி மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் காலையில் இடது கெண்டைக்கால் வலித்தது. வீங்கியும் இருந்தது. தொட்டால் சூடு.

"படுத்தே கிடந்ததில் நரம்பு பிடித்துக்கொண்டது" என்று நினைத்தார் மாமியார். நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டு வந்தார். காலை நீவிவிட உட்கார்ந்தார்.

மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். அவளுக்கு என்னவோ தோன்றியது. கிராம சுகாதார நர்சுக்குப் போன் செய்து, "அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, அக்கா" என்றாள்.

"தேய்க்காதே! யாரையும் காலைத் தொட விடாதே! உடனே 108-க்குச் சொல்லு!" என்று நர்சு கத்தினார்.

ஆம்புலன்சு வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். காலின் உள் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருந்தால்? மூச்சு அடைத்துச் சில நிமிடங்களில் உயிர் போய்விடவும் கூடும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்திருந்தால், கட்டி பிய்ந்து கிளம்புவதற்கு அதுவே வழி செய்திருக்கும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போட்டார்கள். பிறகு மூன்று மாதம் மாத்திரை. பெண் பிழைத்தாள்.

ஏன் உறைகிறது?

ஜெர்மனி நாட்டு டாக்டர் ருடால்ப் பிர்ஷோ 1850-களிலேயே இதை ஆராய்ந்தவர். காலில் உண்டாகும் இரத்தக் கட்டி இரத்தத்தோடு ஓடி நுரையீரலில் போய் அடைக்கும் என்பதைக் காட்டியவர் அவர்.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிகிறது. கிணற்றிலிருந்து பம்பு செட் தண்ணீரை மேலே தள்ளுவது போல, அது இரத்தத்தை இருதயத்தை நோக்கித் தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் பம்பு நின்றுபோகிறது. இரத்தம் தேங்குகிறது. ஆபரேஷன் ஆன உடம்பில், காயத்தை ஆற்றுவதற்காக, இரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கும். தண்ணீரும் குடிக்காவிட்டால் கேட்க வேண்டுமா?

ஒரு காலத்தில் டாக்டர்களே நோயாளிகளை இரண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடத்தி வைத்திருந்தார்கள். சிகாகோ நகரத்து டாக்டர் எமில் ரீஸ் 1899-ல், "சீக்கிரம் எழுப்பி நடக்க விடுங்கள்" என்று எழுதினார். அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது உலகப் போரில் ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதவில்லை. சீக்கிரம் எழுப்பி நடக்க விட்டார்கள். நடந்தவர்கள் கெட்டுப் போகவில்லை, விரைவில் தேறினார்கள்! டாக்டர் டேனியல் லைட்டாசர் 1946-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்று உலகம் முழுவதும் அதுதான் முறை.

வல்லத்து மாமியார் ஒருவர் மட்டுமா தவறு செய்தார்? உலகமே ஒரு காலத்தில் செய்த தவறு அது.

எப்படி நடப்பது? எப்படிப் படுப்பது?

வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் ஒரு வாரம், பத்து நாள் நிமிர்ந்து நிற்க முடியாது. சற்றுக் குனிந்தபடியே நடக்க வேண்டும். கூன் விழுந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நாளுக்கு நாள் நிமிரலாம்.

நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பகலில் சில தடவை நடந்தால் போதும். பக்கத்தில் ஒருவர் துணை இருக்கட்டும். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மல்லாந்து, காலை நீட்டிப் படுக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தாற்போல் படுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. இப்படிப் படுத்தால் தையல் இழுபடாது.

எழும்போது நேராக எழக் கூடாது. முதலில் ஒரு பக்கம் திரும்புங்கள். காலைக் கீழே தொங்கவிடுங்கள். கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

குழாயும் பட்டையும்

சிலருக்கு வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றோ இரண்டோ வைத்து அனுப்புவார்கள். உள்ளே ஊறும் நீர் அதன் வழியே பைக்கு வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தப் பையைக் காலி செய்ய வேண்டும். எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சாதாரணமாக 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக வந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். அதை எடுக்க வேண்டியவர் டாக்டர், நாம் அல்ல!

வயிற்றுப் பட்டையை டாக்டர் சொல்கிற நாள் வரையில் கட்ட வேண்டும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூச்சு முட்டும்படி இறுக்கக் கூடாது.

பத்தியம் என்னும் பட்டினி

முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், பருப்பு சாப்பிட்டால் தையல் பழுக்கும் என்பதெல்லாம் பயம்தான். காயம் ஆறப் புரதச் சத்து வேண்டும். அது முட்டை, பருப்பு, பால், மீன் ஆகியவற்றில் இருக்கிறது. கீரையும் பழமும் சேர்த்துக்கொண்டால் மலச்சிக்கல் வராது. சில வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டும். முக்கினால் தையலுக்குக் கெடுதல். ஆகவே தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையை அளவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறாது.

வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் உண்டா? பீடி, சிகரெட் உண்டா? ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். காயம் ஆறும் வரை தொடவே கூடாது. புகையிலையில் உள்ள நஞ்சு இரத்தக் குழாயைச் சுருக்கும். தைத்த தோல் இரத்தம் இல்லாமல் கருகிப்போகும்.

செய்யக் கூடாதவை

தையல் மேல் மஞ்சள், பச்சிலை, பவுடர் எதையும் அப்பாதீர்கள்.

வயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஏன் தெரியுமா? அடிவயிற்றுத் தோலில் பல மாதங்களுக்கு உணர்ச்சி இருக்காது. சுடுவது தெரியாது. வெந்துபோன பிறகுதான் தெரியும்!

ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் தண்ணீர் பிடித்தால் எடை 15 கிலோ. புல்லுக்கட்டு அதைவிடக் கனம். கைக்குழந்தை இருந்தால் வேறொருவர் எடுத்து மடியில் வைக்கட்டும். "இப்போதுதான் நடக்கிறாளே, தண்ணீர் எடுத்தால் என்ன?" என்று கேட்காதீர்கள். நடப்பது மருந்து, குடம் தூக்குவது விஷம்.

உடனே கிளம்புங்கள்!

கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்:

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி.

திடீரென்று மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, இருமினால் இரத்தம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம்.

தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், கெட்ட வாடை.

வயிறு ஒரு பக்கம் சட்டென்று உப்புதல். கட்டு இரத்தத்தில் நனைதல்.

தோல் கறுத்துப்போதல்.

மூச்சுத் திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த ஆம்புலன்சு தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. காசு வாங்குவதில்லை.

இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானவை, ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்களுக்கும், குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் பொருந்தும். என்றாலும் உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டே முதல் சட்டம். சீட்டைப் பையில் வைக்காதீர்கள். சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு தடவை உரக்கப் படிக்கட்டும்.

மாமியார் மாறினார்

வல்லத்துப் பெண் இப்போது நலமாக இருக்கிறார். குனிந்து களை எடுக்கிறார். மடிப்புப் புண் போயிற்று. "இருமினால் வயிற்றைப் பிடிக்க வேண்டியதில்லை, ஐயா. அது போதும் எனக்கு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

மாமியாருக்கு மட்டும் அந்த நான்காம் நாள் காலை இன்னும் மறக்கவில்லை. "என் கையாலேயே எமனைக் கூப்பிட இருந்தேன்" என்று கண் கலங்குகிறார்.

அண்மையில் அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் பிரசவம் ஆயிற்று. பார்க்கப் போனவர்கள் பழைய பல்லவியைப் பாடினார்கள். மாமியார் அவர்களை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போனார். ஒரு சொம்பு தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். பிறகு கையை நீட்டிச் சொன்னார்:

"எழுந்திரு, கண்ணு. நான் பிடித்துக்கொள்கிறேன். வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வரலாம்."