எடப்புளி நாட்டில் ஒரு வாசிப்புக் கருவி: வெயில், மின்கலம், அதிகாரம்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான எடப்புளி நாட்டிலிருந்து வந்த தோழர் ஒருவர் கேட்டார்: "மழைக்காலத்துல மரம் விழுந்தா ரெண்டு நாள் கரண்ட் வராதுங்க. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எதுவும் வரணும், புஸ்தகமும் அப்படித்தான். இந்தக் கிண்டில் மாதிரிக் கருவிய வெயில்லயே சார்ஜ் ஏத்திப் படிக்க முடியுங்களா?" பக்கத்திலிருந்த இலக்கிய நண்பர் ஒருவர் சிரித்தார். மலையாளிப் பழங்குடிக்கும் (கேரளத்து மலையாளி அல்ல, கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் வாழும் மக்கள்) கிண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்கிற சிரிப்பு. வாசிப்பு என்பது யாருடைய சொத்து என்பதை அந்தச் சிரிப்பு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கேள்வியோ முழுக்க நடைமுறை சார்ந்தது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

முடியும், மிகச் சுலபமாகவே முடியும். வாசிப்புக் கருவியின் திரை செல்போன் திரை போன்றதல்ல. நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு வெள்ளைத் துகள்கள். மின்புலம் கொடுத்தால் மேலும் கீழும் நகரும். நகர்ந்த இடத்தில் அப்படியே நிற்கும், அதற்குக் கரண்ட் வேண்டாம். பக்கம் திருப்பும்போதுதான் மின்சாரம் செலவாகிறது. 1500 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் மின்கலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 5.5 வாட்-மணி. 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று 40 நிமிஷம் எரிவதற்குக்கூட இது பத்தாது. ஆனால் கருவிக்குள் இருக்கிற விளக்கையும் வை-பையையும் அணைத்துவிட்டால் இதே மின்சாரத்தில் வாரக் கணக்கில் படிக்கலாம். செல்போனின் 5000 மில்லி ஆம்பியர்-மணி ஒரே நாளில் தீர்ந்து போவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 5 வாட் பேனல் நல்ல வெயிலில் 3 வாட்டாவது தரும். இரண்டு மூன்று மணி நேர வெயில் போதும். தவிரவும், வெயிலில் கண்கூசும் செல்போன் திரை போலன்றி, இந்தத் திரை வெளிச்சம் கூடக்கூடத் தெளிவாகும். களத்துமேட்டில் உட்கார்ந்தே படிக்கலாம்.

பேனலை நேரடியாகக் கருவியில் சொருகுவதில்தான் சிக்கல். மேகம் ஒன்று கடந்தால் வோல்ட்டேஜ் விழும், சார்ஜ் நின்றுபோகும். சில கருவிகள் மறுபடி தாமாக ஏற்றிக்கொள்ளாது. நடுவில் ஒரு பவர் பேங்க் வேண்டும். பகலில் பேனலிலிருந்து அது நிரம்பட்டும், ராத்திரி அதிலிருந்து கருவி நிரம்பட்டும். கருவியைப் பேனலோடு சேர்த்து வெயிலில் காயப்போடவே கூடாது. 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் மின்கலத்தில் சார்ஜ் ஏற்றினால் அது சீக்கிரம் கெடும். பேனலுக்கும் சூடு ஆகாது. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதம் உற்பத்தி குறையும். அந்த வகையில் ஆயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் மலை சமவெளியைவிடத் தோதான இடம். ஆனால் இங்கே வேறொரு எதிரி உண்டு: மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டவை. ஒரே ஒரு செல்மீது நிழல் விழுந்தாலும் மொத்த மின்னோட்டமும் சுருங்கிவிடும். அரை நிழல்தானே என்று இருந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் பத்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். அதனால் அந்த மாதங்களுக்கு முன்பே பவர் பேங்குகளை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, 'அங்கே கரண்ட் இல்லை' என்பது வாசிப்புக்குத் தடையே இல்லை. அப்படியானால் இந்தத் தடை எங்கே கட்டமைக்கப்படுகிறது? 2018 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஒரு கிராமத்தின் பத்து சதவீத வீடுகளுக்கும் பொது இடங்களுக்கும் மின்சாரம் போனாலே அது 'மின்வசதி பெற்ற கிராமம்' என்பது அரசின் வரையறை. மீதித் தொண்ணூறு சதம் அந்தச் சொல்லாடலுக்குள் காணாமல் போகிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள். நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏழையின் கூரைமேல் விழும் வெயில் விளக்காக மட்டுமே கற்பனை செய்யப்பட்டது. அந்த வெளிச்சத்தில் எதைப் படிப்பது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நமக்கு வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் வராது. சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அங்கே மின்சாரம் மறுக்கப்பட்டது தொழில்நுட்பப் பற்றாக்குறையால் அல்ல.

இனி கருவிக்குள் இருக்கும் பிரதி. 2009 ஜூலையில், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து ஆர்வெல்லின் '1984' நாவலை அமேசான் தொலைவிலிருந்தபடியே அழித்தது. உரிமையில்லாத பதிப்பு என்று காரணம் சொன்னார்கள், பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். இருக்கட்டும். அச்சுப் புத்தகத்தைப் பிடுங்க வீடேறி வர வேண்டும். இங்கே அதற்கும் அவசியமில்லை. வெயில் நம்மைக் கம்பியிலிருந்து விடுவிக்கலாம், கம்பெனியிலிருந்து விடுவிக்காது. ஆகவே பூட்டில்லாத கோப்புகளைத்தான் மலைக்கு ஏற்ற வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் எனத் தமிழில் இவை ஏராளம். ஒரு எச்சரிக்கை: பக்கங்களைப் படமெடுத்த பி.டி.எஃப். ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். எழுத்துருவில் இருக்கும் ஈபப் கோப்புதான் உதவும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், சிக்னல் இல்லாத ஊரிலும் அது இருக்கும்.

கானாவில் 2010இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிண்டில் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய தலைவலியாக வந்தது மின்சாரமல்ல, உடைந்த திரைகள். மாறாக, மும்பை ஐ.ஐ.டி. 2014இல் தொடங்கிய பத்து லட்சம் சோலார் விளக்குத் திட்டத்தில் கிராமத்து ஆட்களே விளக்கைக் கோர்த்தார்கள், பழுதும் பார்த்தார்கள். ஒரு கம்பெனி ஆளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆளுக்கொரு கருவி வேண்டாம், ஐந்து கருவி, கெட்டியான உறை, ஒரு 10 வாட் பேனல், இரண்டு பவர் பேங்க் போதும் என்று கணக்குப் போட்டோம். பழைய கருவியானால் மின்கலத்தை மாற்ற முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்க்ரூ போட்டிருக்கிறதா, பசை போட்டு ஒட்டியிருக்கிறதா என்பது முக்கியம். "செல்போன் கடைக்காரப் பையன் கிட்ட ஒண்ணைப் பிரிச்சுக் காட்டிட்டு அப்புறம் வாங்கறேன்" என்றார். பேனலை யார் வீட்டுக் கூரையில் வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. நிழலில்லாத கூரை ஊரில் இரண்டுதான் இருக்கிறதாம்.